விதைப்பூண்டு நனைக்கும் மருந்து குரோமோசோமைக் கெடுக்குமா?

பூம்பாறை விவசாயி:
பூண்டுப் பற்களை நடுவதற்கு முன் கார்பென்டாசிம் என்னும் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் நனைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவைச் சிலர் தாராளமாகவே கூட்டிவிடுகின்றனர். இம்முறை ஒரு பாத்தியில் பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் குட்டையாகவும் நுனி தடித்தும் இருந்தன. இம்மருந்து பயிரின் குரோமோசோமையும் தாக்கும் என்கிறார்கள். அப்படியானால் இந்த மலைப்பூண்டை அடுத்த போகத்துக்கு விதையாக வைக்கலாமா?

தாவரவியல் ஆசிரியை, கொடைக்கானல்:
ஐயா, கார்பென்டாசிம் பூஞ்சையைக் கொல்வதே செல் பிரிதலைத் தடுத்துத்தான். குரோமோசோம்களை இரு துருவங்களுக்கும் இழுத்துச் செல்லும் கதிர்கோல் இழைகள் டியூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை. மருந்து பூஞ்சையின் பீட்டா டியூபுலினை (டியூபுலினின் ஒரு வகை) பற்றிக்கொண்டு அவ்விழைகள் உருவாகாமல் செய்துவிடுகிறது. தாவர டியூபுலினை அது வலுவாகப் பற்றுவதில்லை என்பதால்தான் பரிந்துரைத்த அளவில் பயிர் தப்புகிறது. எனினும், அடர்த்தியான கரைசலில் நெடுநேரம் வைத்த வெங்காய வேர்நுனியை (பூண்டைப் போலவே அதற்கும் 16 குரோமோசோம்கள்) நுண்ணோக்கியில் பார்த்தால், பிரியும் செல்கள் குறைந்திருப்பதும், பின்தங்கிய குரோமோசோம்களும், உட்கருவுக்கு வெளியே ஒதுங்கிய நுண்உட்கருக்களும் தென்படும். செங்காந்தளிலுள்ள கால்கிசின் என்னும் நச்சுப்பொருள் வெங்காய வேரில் விளைவிக்கும் இதே வகைக் குழப்பத்தை ஸ்வீடன் தாவரவியலாளர் ஆல்பர்ட் லெவான் 1938-இல் விவரித்தார். குரோமோசோமை உடைப்பதைவிட, அதன் பங்கீட்டைக் குலைப்பதே இம்மருந்தின் முதன்மையான வேலை.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், ஊட்டி:
ஆசிரியை கூறியது சரியே. ஆனால் நட்டவுடன் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி தெளித்தீர்களா? அது தாவர டியூபுலினையே நேரடியாகப் பற்றும். நுனி தடித்த குட்டை வேர் அதன் அடையாளம். மேலாக நட்ட பற்கள் எளிதில் சிக்கும். மேலும், பீட்டா டியூபுலின் புரதத்தின் 198-ஆம் அமினோ அமிலத்தில் மாற்றம் பெற்ற பூஞ்சை கார்பென்டாசிமுக்குப் பெரும்பாலும் மசியாது. அங்கே அளவைக் கூட்டுவது காசுக்கும் மண்ணுக்கும் கேடு.

பூம்பாறை விவசாயி:
ஆம் ஐயா, அந்தப் பாத்தியில் மட்டும் தெளித்தோம்.

தாவரவியல் ஆசிரியை, கொடைக்கானல்:
அப்படியானால் ஐயம் களைக்கொல்லியின் பக்கமே சாய்கிறது. விதையைப் பொறுத்தவரை, வேர்நுனியில் கெட்ட செல்கள் அந்த வேரோடு முடிந்துவிடும். புதிய பற்கள் தண்டிலுள்ள மொட்டுகளிலிருந்து வருபவை. அம்மொட்டில் மாற்றம் ஏற்பட்டால் மட்டுமே, விதையின்றிப் பல்லாலேயே பெருகும் பூண்டில் அது தொடரக்கூடும். அது மிக அரிது. இலை திருகியோ வெளிறியோ வளர்ந்த செடிகளின் பூண்டை மட்டும் விதைக்கு எடுக்காமல் சந்தைக்கு அனுப்பிவிடுங்கள்.