ரவென்னா போனவர்கள் சொல்லுங்கள்: எது இன்னும் உறுத்துகிறது?

தூரத்துத்தூறல்
இத்தாலியில் பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சில்லு பதித்த மொசைக் ஓவியங்களைப் பார்க்க, வாரக்கடைசிக்குப் போய்வந்தோம். சான் விதாலே கோவில், அங்கே சுவரில் இருக்கும் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டீனியன், அவர் மனைவி தியோடோரா பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது சான்ட் அப்போலினாரே நுவோவோ கோவிலில் இருக்கும் அந்தக் கை.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில், அந்தக் கோவிலைக் கட்டிய கோத் அரசன் தியோடோரிக்கின் அரண்மனை, மொசைக்கில். தூண்களுக்கு நடுவே வெள்ளைத் திரைகள் தொங்குகின்றன, ஆள் யாரும் இல்லை. பைசாந்தியர், அதாவது கிழக்கு ரோமானியர், வந்தபிறகு அரசனையும் அவன் சபையையும் பெயர்த்து எடுத்துவிட்டு அங்கே திரையைப் பதித்துவிட்டார்கள். ஆனால் ஒரு தூணின் மேல் மட்டும் விரல்களோடு ஒரு கை அப்படியே நிற்கிறது. கைக்கு அந்தப் பக்கம் உடம்பு இல்லை, வெறும் திரை. தூணையும் பெயர்த்தால்தான் கையை எடுக்க முடியும், அதனால் போகட்டும் என்று விட்டானா? இல்லை, அந்த வேலைக்காரன் வேண்டுமென்றே விட்டுவைத்தானா? கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன், முடிவுக்கு வர முடியவில்லை.

அரைக்கண்
நானும் அந்தக் கையைப் பார்த்தேன். ஆனால் ரோமப் பேரரசி காலா பிளாசிதியா பெயரில் இருக்கும் கல்லறை மண்டபத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! வெளியே பார்த்தால் பம்புசெட் அறை மாதிரி ஒரு செங்கல் கட்டடம். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல், அதில் வடிகட்டி வருகிற வெளிச்சம்தான். நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. மெல்ல மெல்ல மொசைக்கின் நீலம் தெரிந்தது, அப்புறம் பொன் நட்சத்திரங்கள். கூட்டம் கூட்டமாக உள்ளே விடுகிறார்கள், ஐந்தே நிமிடம். கண் பழகுவதற்கே பாதி போய்விட்டது. எனக்கு முன்னால் நின்றவர் ஐந்து நிமிடமும் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். வெளியே வரத் திரும்பும்போதுதான் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கிற புறா கண்ணில் பட்டது. அதைப் பார்க்கவென்றே இன்னொரு முறை போக வேண்டும். அந்த அம்மாள் இறந்தது ரோமில், 450இல். இங்கே புதைத்திருக்கவே வாய்ப்பில்லையாம்!

செங்கல்சூளை
தூறல், பைசாந்தியர் வந்ததும் உடனே நடந்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய தளபதி பெலிசாரியுஸ் ஊரைப் பிடித்தது 540இல். ஆரியுஸ் என்ற பாதிரியின் வழி வந்த, தியோடோரிக்கின் பிரிவுக் கிறிஸ்தவர்களிடமிருந்து அந்தக் கோவில் கத்தோலிக்கர் கைக்கு வந்தது சுமார் இருபது ஆண்டு கழித்து, பேராயர் அக்னெல்லுஸ் காலத்தில். அப்போதுதான் இந்தத் திருத்த வேலை. அதே சுவரில் மேல் வரிசையில் இருக்கும் இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகளும் தியோடோரிக் செய்வித்தவைதான், அவற்றைத் தொடவில்லை. அரசனின் ஆட்களை மட்டும் தேடி எடுத்திருக்கிறார்கள். இன்னொன்று, கை ஒன்றல்ல. மற்றத் தூண்களையும் பாருங்கள்.

என் கதை சின்னது. தியோடோரிக்கின் கல்லறைக்குப் போனேன். சுமார் பத்து மீட்டர் அகலத்தில் ஒரே கல்லைக் குடைந்த கூரை, அதில் ஒரு விரிசல். மாடியில் சிவப்புக் கல் தொட்டி ஒன்று, காலி. சுவரில் அழித்தார்கள், கல்லறையிலும் ஆள் இல்லை.

நத்தைவண்டி
யாரும் மீனைச் சொல்லவில்லையா? 1321இல் கவிஞர் தாந்தேவுக்கு இறுதிச் சடங்கு நடந்த சான் பிரான்செஸ்கோ கோவிலில், பீடத்துக்குக் கீழே படி இறங்கினால் ஒரு சிறிய திறப்பு. பெட்டியில் காசு போட்டால் உள்ளே விளக்கு எரியும். நிலத்தடி நீர் ஏறி நிற்கிறது, அடியில் பழைய மொசைக் தரை, அதன்மேல் தங்கமீன்கள் பாட்டுக்கு நீந்துகின்றன. எனக்குப் பின்னால் நின்ற சிறுவன் விளக்கு அணைய அணைய அப்பாவிடம் காசு கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் நானும் சில்லறை கொடுத்தேன்.

மூட்டைமுடிச்சு
நான் போனது மழை நாளில், நல்ல கூட்டம், ஒன்றும் சரியாகப் பார்க்கவில்லை. யாரும் கேட்காவிட்டாலும் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். பைனாகுலர் கொண்டுபோங்கள், எல்லாம் உயரத்தில் இருக்கிறது. ஒரே இடத்தில் நிற்காதீர்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே தங்கத்தகடு வைத்துச் செய்த மொசைக் சில்லுகளைக் கொஞ்சம் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். நீங்கள் நகர்ந்தால்தான் அது மின்னும், ஃபோட்டோவில் வராது. கூட்டுச்சீட்டு வாங்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள், தியோடோரிக் கல்லறையும் கிளாஸே கோவிலும் அதில் வராது. கிளாஸே ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர், அவசியம் போங்கள். அங்கே மொசைக்கில் இருக்கும் பச்சைப் புல்வெளியும் வரிசையாக நிற்கும் ஆடுகளும் வேறெங்கும் கிடையாது. காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் விடுவது அதைத்தான். ஒரு ராத்திரி தங்குங்கள். மதியத்துக்கு ஸ்க்வாக்கெரோனே என்ற மென்மையான சீஸ் வைத்த பியாதினா ரொட்டி போதும், வயிறும் நிறையும், பையும் காலியாகாது.

அரைக்கண்
சைவர்கள் கவனிக்க: பியாதினா மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம். சீஸ் மட்டும்தானே என்று வாங்கிவிடாதீர்கள். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.