பக்கத்து வீட்டில் முட்டையிடும் வெடைக்கோழி, ராத்திரி கூவும் சேவல்: வழி சொல்லுங்கள்

யானைமலை அடிவாரம்:

ஒத்தக்கடையில் வாடகை வீடு, பின்னால் கொஞ்சம் இடம். சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி நான்கு, சேவல் ஒன்று வளர்க்கிறேன். அதில் கறுப்பு வெடை, அதாவது இளம் பெட்டை, இப்போதுதான் முட்டைக்கு வந்திருக்கிறது. மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பித் தயாராக வைத்திருக்கிறேன். அது என்னவென்றால், காலையில் குருணையைத் தின்றுவிட்டு, காம்பவுண்டு ஏறிக் குதித்து, பக்கத்து வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும் பழைய சாக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இட்டு முடித்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேறும். அப்புறம் தீனிக்கு மட்டும் என் வீடு.

முட்டையைக் கேட்டுப் போனால் அந்த வீட்டு அத்தை, "எங்க வீட்டுல இட்டது எங்களுக்குத்தானே தம்பி" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார், ஆனால் முட்டை வரவில்லை. அவருடைய பேரன் என்னிடமே வந்து, "மாமா, உங்க கோழி முட்டை சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இது போதாதென்று சேவல் ராத்திரி இரண்டரை மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. மாடியில் குடியிருப்பவர் ஷிஃப்ட் முடிந்து வந்து படுப்பதே அந்த நேரத்தில்தான். ஏதாவது வழி உண்டா? குழம்பு வைக்கச் சொல்பவர்கள் தயவுசெய்து வேண்டாம், அந்த யோசனையைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

கருமாத்தூர்க்காரி:

தம்பி, வைக்கோல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் கோழி அதை மதிக்காது. இருட்டாக இருக்கணும், ஆள் நடமாட்டம் கூடாது, ஏற்கெனவே ஒரு முட்டை கிடக்கணும். அதனால் பெட்டியில் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டுவையுங்கள். கரியால் கோடு போட்டுவிட்டால் எது பழசு என்ற குழப்பம் வராது. முட்டையை வீணாக்க மனசில்லை என்றால் வெள்ளை பிளாஸ்டிக் பந்து போதும், கோழிக்கு அவ்வளவு விவரம் பத்தாது.

அடுத்தது பஞ்சாரம், கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடை. எங்கள் அப்பத்தா காலையில் கூடாப்பைத் திறந்ததும் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுண்டுவிரலைப் பின்பக்கம் விட்டுப் பார்க்கும். உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட்டால் அன்றைக்கு முட்டை உண்டு, அந்தக் கோழி பஞ்சாரத்துக்குள் போய்விடும். தட்டாவிட்டால் "போடி கழுதை" என்று வெளியே விட்டுவிடும். அது கையோடு கையாகக் காபியும் போடும் என்பது வேறு கதை. உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் கறுப்பியை மட்டும் பெட்டியோடு சேர்த்துப் பஞ்சாரத்தால் மூடி வையுங்கள். உள்ளே தண்ணீர் மறக்க வேண்டாம், நம்ம ஊர் வெயில்.

நேரத்தை நம்பி ஏமாறாதீர்கள். கோழிக்கு ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகும். இன்றைக்கு ஒன்பது மணிக்கு இட்டால் நாளைக்குப் பத்து மணி, அப்படியே தள்ளிப்போய் ஒருநாள் லீவு போடும். நேற்று இட்ட நேரம் தாண்டிவிட்டதே என்று திறந்துவிட்டால் நேராகப் படிக்கட்டுக்குத்தான் போகும்.

அத்தையிடம் மட்டும் வழக்குப் பேசாதீர்கள். எங்கள் கொழுந்தனார் வீட்டுப் பெட்டை ஒன்று திடீரென்று காணாமல் போனது. கீரி தூக்கிவிட்டது என்று கைகழுவியாச்சு. பார்த்தால் எதிர்வீட்டு வைக்கோல் படப்பில் இருந்து குஞ்சுகளோடு இறங்கி வருகிறது! இட்டதும் அங்கே, 21 நாள் அடை கிடந்ததும் அங்கே. படப்புக்காரர் குஞ்சில் பாதி தனக்கு என்றார். கொழுந்தனார், "கோழி எங்களது, சேவலும் எங்களது, உங்களுக்கு எதுக்கு பாதி?" என்று ஏறினார். அந்த மனுஷன் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குள் போய்த் தன் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் இறகே இல்லாத கிராப்புச் சேவல். குஞ்சுகளைத் திருப்பிப் பார்த்தால் பாதிக்குமேல் மொட்டைக் கழுத்து! அந்தத் தெருவில் வேறு கிராப்பே கிடையாது. கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். குஞ்சைப் பங்கு பிரித்தது நானும் படப்புக்காரர் சம்சாரமும்தான்.

மேலூர் வாத்தியார்:

சேவல் விஷயம் மட்டும் சொல்கிறேன். தெருவிளக்கும் பக்கத்துச் சேவலின் சத்தமும் தூண்டிவிடும், உண்மைதான். ஆனால் அதன் உடம்புக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்துக்காரர்கள் சேவல்களை எந்நேரமும் ஒரே மங்கலான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து 2013-இல் எழுதினார்கள்: விடியல் தெரியாமலேயே அவை தம் கணக்குக்குக் கூவின. ஆகவே முழுசாக நிறுத்த முடியாது. கூட்டைக் காற்று வர விட்டு நன்றாக இருட்டாக்குங்கள். ராத்திரிக்குக் கூரை தாழ்வான பெட்டியில் அடைத்தால் கழுத்தை நிமிர்த்திக் கூவ இடமிருக்காது, சத்தம் குறையும்.

குஞ்சு வேண்டாம் என்றால் சேவலே தேவையில்லை, அது இல்லாமலும் கோழி முட்டையிடும். குஞ்சு எடுப்பதாக இருந்தால் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. வந்தபிறகு மருந்து கிடையாது. போன தையில் எங்கள் தெருவையே துடைத்துவிட்டுப் போனது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

யானைமலை அடிவாரம்:

அனைவருக்கும் நன்றி. சேவல் இப்போது அட்டைப்பெட்டி போட்டு மூடிய கூட்டில் தூங்குகிறது. கூவுகிறது, ஆனால் கிணற்றுக்குள் இருந்து கூவுகிற மாதிரி. மாடிக்காரர் இன்னும் கருத்துச் சொல்லவில்லை.

பஞ்சாரமும் வாங்கிவிட்டேன். கறுப்பி பெட்டியில் இட ஆரம்பித்துவிட்டது. புதுப் பிரச்சினை என்னவென்றால், அத்தை காம்பவுண்டு மேல் எட்டிப் பார்த்து, "வாயில்லா ஜீவனை இப்படி அடைச்சு வைக்கிறியேப்பா, பாவம்" என்கிறார். தெருவில் நான்கு பேரிடம் சொல்லியும் விட்டார். முட்டை நின்ற கோபம் என்று எனக்குத் தெரிகிறது, தெருவுக்குத் தெரியவில்லையே.

கருமாத்தூர்க்காரி:

கறுப்பி அடைக்குப் படுத்ததும் அதை அத்தை வீட்டுப் படிக்கட்டுக்கு அடியிலேயே வைத்து, வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடுங்கள். இரை அவர் பொறுப்பு, பருந்தும் பூனையும் பார்க்கிறது அவர் பொறுப்பு, குஞ்சில் ஆளுக்குப் பாதி. இடம் அவருக்குப் பழகினது, கோழிக்கும் பழகினது. பேரனிடம் முதலில் சொல்லுங்கள், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.