புதுப்பிப்பு: அசல் சிடி இருந்தும் விளையாட்டு ஏன் ஓடவில்லை?

காசு கொடுத்து வாங்கிய பழைய விளையாட்டு சிடி விண்டோஸ் 10-ல் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. சிடியில் பழுதில்லை, அதிலிருக்கும் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புதான் சிக்கல்.

சிடி அசலா என்று சோதிக்க அந்தத் தடுப்பு கெர்னல் மட்டத்தில், அதாவது விண்டோஸின் மையப் பகுதியில், டிரைவர் என்ற ஒரு துணை நிரலை ஓட்டும். அந்த டிரைவரில் 2007-லேயே பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. 2015-ல் வந்த விண்டோஸ் 10 அதை அடியோடு கைவிட்டது. அது சரியான முடிவுதான். ஆனால் விளையாட்டை விற்றவர்கள் தடுப்பை நீக்கி ஒரு பேட்ச் (திருத்த நிரல்) தந்திருக்க வேண்டாமா? தடுப்பை உடைத்த திருட்டு நகலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பில் வைத்திருப்பவன்தான் அல்லாடுகிறான்!

அப்புறம், இணையத்தில் கிடைக்கும் பழைய டிரைவரைத் தேடி ஏற்றாதீர்கள். ஜிஓஜி (GOG) என்ற இணையக் கடையில் பழைய விளையாட்டுகள் பல தடுப்பில்லாமல் கிடைக்கின்றன. இரண்டாம் முறை காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.