டேப்பில் பிடிஎஃப் இறங்குகிறது, திறக்கவில்லை. சிலது சேவே ஆகவில்லை. உதவி தேவை

மழைக்குருவி:

வணக்கம். படிப்பதற்கென்றே ஒரு ஆண்ட்ராய்டு டேப் வைத்திருக்கிறேன், ஆண்ட்ராய்டு 13. மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. பிடிஎஃப் மட்டும் பாடாய்ப் படுத்துகிறது.

உறுப்பினராகச் சேர்ந்து லாகின் செய்து படிக்கிற ஒரு மின்நூலகத் தளத்திலிருந்துதான் பெரும்பாலும் நூல்களை எடுக்கிறேன். ஒவ்வொன்றாகத் திறந்து இறக்க நேரமாகும் என்பதால், லிங்க்கை காப்பி செய்து தனியாக இருக்கும் டவுன்லோடர் ஆப்பில் வரிசையாகப் போட்டுவிடுவேன். எல்லாவற்றுக்கும் 'முடிந்தது' என்று பச்சை டிக் விழுகிறது. திறக்கப் போனால், கோப்பு பழுதாகியிருக்கிறது அல்லது இந்த வகைக் கோப்பு அல்ல என்று வருகிறது.

இன்னும் சில நூல்கள் இறங்கவே தொடங்குவதில்லை. 'சேமிக்க இயலவில்லை' என்பதோடு சரி. இடப் பற்றாக்குறை இல்லை, 40 ஜிபிக்கு மேல் காலி. அதே நூல் விண்டோஸ் கம்ப்யூட்டரில் எந்த முரண்டும் பிடிக்காமல் சேவ் ஆகிறது.

மூன்றாவதாக ஒன்று. மெசேஜ் ஆப்பில் நண்பர்கள் அனுப்பும் பிடிஎஃப்பைத் திறந்து மஞ்சள் கோடு போடுகிறேன், ஓரத்தில் குறிப்பு எழுதுகிறேன். அடுத்த முறை திறந்தால் துடைத்த சிலேட்டு மாதிரி இருக்கிறது.

வேறு பிடிஎஃப் ஆப் போட்டுப் பார்த்தாயிற்று, டேப்பை அணைத்துப் போட்டாயிற்று. டேப்பிலேயே கோளாறா?

பழைய டேப்:

கேஷ் க்ளியர் பண்ணிப் பாருங்கள். அதுக்கும் மசியவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட் ஒன்றுதான் வழி. எனக்கு ஒருமுறை அப்படித்தான் சரியானது.

பைட்டுப்பித்தன்:

மழைக்குருவி, ரீசெட் பக்கமே போகாதீர்கள். இருப்பதும் போய்விடும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று. தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். டேப்பின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலில் இரண்டு விவரம் கொடுங்கள். திறக்க மறுக்கும் கோப்புகளின் அளவு என்ன? ஃபைல் மேனேஜரில் கோப்பை அழுத்திப் பிடித்து 'விவரங்கள்' பார்த்தால் தெரியும். அப்புறம், சேவ் ஆகாத நூல் ஒன்றின் கோப்புப் பெயரை ஓர் எழுத்து விடாமல் அப்படியே இங்கே போடுங்கள்.

மழைக்குருவி:

அளவு பார்த்தேன் அண்ணா. விசித்திரமாக இருக்கிறது. திறக்காத கோப்புகள் எல்லாமே 14 கேபி. நானூறு பக்க நூலும் 14 கேபி, சின்னக் கையேடும் 14 கேபி.

சேவ் ஆகாத நூலின் பெயர் இது: எளிய முறையில் இயற்பியல் அடிப்படைக் கோட்பாடுகள் விளக்கப்படங்களுடன் கூடிய முழுமையான கையேடு திருத்திய இரண்டாம் பதிப்பு

பைட்டுப்பித்தன்:

சரி, இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

14 கேபி விஷயம் முதலில். வெவ்வேறு நூல்கள் ஒரே அளவில் இருக்க வழியே இல்லை. அப்படி இருந்தால் ஒரே பக்கம்தான் திரும்பத் திரும்ப இறங்கியிருக்கிறது என்று பொருள். அது அந்தத் தளத்தின் லாகின் பக்கமாகத்தான் இருக்கும்.

நடப்பது இதுதான். நீங்கள் பிரவுசரில் லாகின் செய்ததும், 'இவர் நம்ம ஆள்' என்பதற்கு அடையாளமாகத் தளம் ஒரு குக்கியைக் கொடுக்கிறது. அது அந்த பிரவுசருக்குள்ளேயே இருக்கும். லிங்க்கை மட்டும் காப்பி செய்து வேறு ஆப்பில் போட்டால் அந்த ஆப்பிடம் குக்கி இல்லை. வாசலில் நிற்பது யாரென்று தளத்துக்குத் தெரியாது, 'லாகின் செய்யுங்கள்' என்ற பக்கத்தை அனுப்பிவிடுகிறது. டவுன்லோடரோ வந்தது நூலா வேறு பக்கமா என்று பார்ப்பதில்லை. லிங்க்கின் முடிவில் பிடிஎஃப் என்றிருந்ததால் அதே பெயரில் சேமித்து, பச்சை டிக்கும் போட்டுவிடுகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. அந்தக் கோப்பு ஒன்றை ரீநேம் செய்து, கடைசியில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பிடிஎஃப் என்பதை எடுத்துவிட்டு ஹெச்டிஎம்எல் என்று ஆங்கிலத்தில் போடுங்கள். பிரவுசரில் திறந்தால் லாகின் பக்கம் பல்லைக் காட்டும். டெக்ஸ்ட் வியூவரில் திறந்தாலும் சரிதான். உண்மையான பிடிஎஃப்பின் தலையில் விழுக்காட்டுக் குறியும், அதை ஒட்டிப் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், ஒரு சிறு கோடும், 1.4 அல்லது 1.7 போல ஒரு எண்ணும் இருக்கும். அது பதிப்பு எண். இது இல்லாமல் வேறு ஏதாவது தொடங்கினால் அதற்குள் பிடிஎஃப் இல்லை. உள்ளே இல்லாததை எந்த ஆப்பாலும் திறக்க முடியாது. 'பழுதான பிடிஎஃப்பைச் சரிசெய்து தருகிறோம்' என்று சொல்லும் தளங்களிலும் ஏற்றிப் பயனில்லை.

தீர்வு: பிரவுசரிலேயே லாகின் செய்து, நூலைத் திறந்து, அங்கேயே இருக்கும் டவுன்லோட் பொத்தானை அழுத்துங்கள். டவுன்லோடரை இந்தத் தளத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். இறங்கிய 14 கேபி கோப்புகளை எல்லாம் அழித்துவிடுங்கள்.

பெயர் விஷயத்துக்கு இரவு வருகிறேன், கொஞ்சம் எண்ண வேண்டியிருக்கிறது.

அணில்வால்:

பிரவுசரில் நூல் திறந்திருக்கும்போது பிரிண்ட் கொடுத்து 'பிடிஎஃப்பாகச் சேமி' என்று போட்டாலும் சேவ் ஆகுமே. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பைட்டுப்பித்தன்:

ஆகும் அணில்வால், ஆனால் அது அசல் கோப்பு இல்லை, அச்சிட்ட பிரதி. உள்ளே இருக்கும் பொருளடக்க லிங்க்குகள், புக்மார்க்குகள் எல்லாம் காணாமல் போகும். டவுன்லோட் பொத்தானே இல்லாத சாதாரண வலைப்பக்கத்தை எடுத்து வைக்க அது நல்ல வழி. நூலுக்கு வேண்டாம்.

இனி அந்த நீளப் பெயர். ஆண்ட்ராய்டின் உள் சேமிப்பகத்தில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. கவனியுங்கள், 255 எழுத்து இல்லை, 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும், அதனால் ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்கள் இந்தச் சுவரில் முட்டுவதே இல்லை. தமிழில் யூனிகோடு குறி, அதாவது கணினி தனித்தனியாக எண்ணும் எழுத்துத் துண்டு, ஒன்றுக்கு 3 பைட். அதிலும் 'க்' என்பது நமக்கு ஒரே எழுத்து, கணினிக்கு 'க' ஒன்று, புள்ளி ஒன்று, ஆக 6 பைட். 'மின்னூல்' என்ற நாலெழுத்துச் சொல் 24 பைட்டை விழுங்கிவிடும். உயிர்மெய்யும் புள்ளியுமாக எழுதிக்கொண்டே போனால் நாற்பது, ஐம்பது எழுத்திலேயே வரம்பு முடிந்துவிடும்.

உங்கள் பெயரை எண்ணினேன். 104 குறிகள், 312 பைட். இடைவெளிகள் 11. கடைசியில் புள்ளியும் பிடிஎஃப்பும் 4. மொத்தம் 327. எப்படிச் சேவ் ஆகும்?

விண்டோஸில் ஆவதற்குக் காரணம், அது பைட்டை எண்ணுவதில்லை, குறிகளை எண்ணுகிறது. அதன் கணக்கில் இந்தப் பெயர் வெறும் 119.

இதில் ஒரு வேடிக்கை. 'திருத்திய இரண்டாம் பதிப்பு' என்பதை நீக்கினால் 252 ஆகும். அப்பாடா என்று இருக்கும். ஆனால் டவுன்லோடர்கள் பல, கோப்பு இறங்கி முடியும்வரை பெயரின் முடிவில் தற்காலிகமாக ஒரு வாலை ஒட்டி வைக்கும். ஒரு புள்ளியும் நாலு ஆங்கில எழுத்தும் சேர்ந்தாலே 257. மறுபடியும் 'சேமிக்க இயலவில்லை'. அதனால் விளிம்பில் நிற்காமல் 'இயற்பியல் கையேடு' என்று சுருக்கமாகப் பெயர் வையுங்கள். டவுன்லோட் தொடங்கும் முன் பெயரைக் கேட்கிற மாதிரி பிரவுசர் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். அப்படி வசதி இல்லாத பிரவுசர் என்றால், கம்ப்யூட்டரில் இறக்கி, பெயரைச் சுருக்கி, கேபிள் வழியாக டேப்புக்கு அனுப்புங்கள்.

வாசிப்புக்கிறுக்கன்:

எனக்கு நெடுநாளாக இருந்த புதிர் இது. நான் இறக்கும் தமிழ் நூல்களின் பெயர் சில நேரம் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாகக் கன்னாபின்னாவென்று வருகிறது, முடிவில் பிடிஎஃப் என்ற வாலே இல்லை. தட்டினால் 'திறக்க ஆப் இல்லை' என்கிறது. அதுவும் இதே கதைதானா?

பைட்டுப்பித்தன்:

அதே கதையின் அண்ணன். இணைய முகவரிக்குள் தமிழ் போகும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறி சேர்ந்த மூன்று எழுத்தாக மாறும். ஆப் அதைத் திரும்பத் தமிழாக்காமல் அப்படியே பெயராக வைத்தால், ஒரு குறிக்கு 9 பைட். 28 குறிக்குள் இடம் தீர்ந்துவிடும். சில ஆப்கள் மீதியை வெட்டிவிடும், வால் போய்விடும். கோப்பின் அளவு நியாயமாக இருந்தால் உள்ளே நூல் பத்திரமாக இருக்கிறது. ரீநேம் செய்து புள்ளி பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் திறந்துவிடும்.

மழைக்குருவி:

ரீநேம் செய்து பிரவுசரில் பார்த்தேன், லாகின் பக்கமேதான் வந்தது! பிரவுசர் வழியாக இறக்கியதும் நூல் 38 எம்பி, உடனே திறந்தது. பெயரைச் சுருக்கியதும் அந்த இயற்பியல் நூலும் வந்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா.

குறிப்புகள் காணாமல் போவதற்கு மட்டும் வழி சொல்லுங்கள். அந்த பிடிஎஃப் ஆப் சரியில்லை என்று தூக்கிவிடலாமா?

பைட்டுப்பித்தன்:

தூக்காதீர்கள்! குறிப்புகள் இன்னும் அதற்குள் இருக்க வாய்ப்பு உண்டு. ஆப்பை நீக்கினால் அதன் சொந்த ஃபோல்டரும் சேர்ந்தே அழியும்.

மெசேஜ் ஆப்பிலிருந்து ஒரு பிடிஎஃப்பைத் தட்டித் திறக்கும்போது, பெரும்பாலும் 'படித்துக்கொள், எழுதாதே' என்ற அனுமதியோடுதான் பிடிஎஃப் ஆப்புக்கு அது போகிறது. நீங்கள் கோடு போட்டால் அசலில் எழுத முடியாது. ஆப்பைப் பொறுத்து, தன் ஃபோல்டரில் ஒரு பிரதி எடுத்து அதில் எழுதி வைக்கும், அல்லது மூடும்போது கைகழுவிவிடும். பிரதி எடுத்திருந்தால், நீங்கள் மறுபடி மெசேஜ் ஆப்பில் போய் அசலைத் தட்டினால் அது வெறுமையாகத்தான் இருக்கும். குறிப்புகள் உள்ள பிரதி வேறு இடத்தில் இருக்கிறது.

ஃபைல் மேனேஜரில் தேடிக் கிடைக்காது. ஆண்ட்ராய்டு 11 முதல் ஓர் ஆப்பின் சொந்த ஃபோல்டரை மற்ற ஆப்கள் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். அதனால் பிடிஎஃப் ஆப்பையே நேராகத் திறந்து, 'சமீபத்தியவை' பட்டியலில் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால் இரண்டையும் திறந்து பாருங்கள். குறிப்பு இருக்கும் பிரதியை 'பிரதியைச் சேமி' என்று கொடுத்து டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இனிமேல் வரிசையை மாற்றுங்கள். முதலில் டாக்குமென்ட்ஸில் சேவ், பிறகு பிடிஎஃப் ஆப்புக்குள்ளிருந்து அதைத் திறப்பது, அப்புறம்தான் பேனாவைத் தொடுவது.

அணில்வால்:

நான் ஐபேட்காரி, ஒரு சின்னச் சேர்க்கை. ஃபைல்ஸ் ஆப்பில் பிடிஎஃப்பின் பக்கத்தில் அம்புக்குறியோடு மேகப் படம் இருந்தால், அது இன்னும் டேப்பில் இல்லை, ஐகிளவுடில்தான் இருக்கிறது. சஃபாரியில் இறக்குவது ஐகிளவுடின் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போகிற மாதிரி அமைந்திருக்கலாம். இணையம் இல்லாத இடத்தில் 'திறக்கவில்லை' என்று அலறுவதற்கு முன் இதைப் பாருங்கள். சஃபாரி அமைப்பில் டவுன்லோட்ஸ் என்ற இடத்தில் 'என் ஐபேடில்' என்று மாற்றிவிடலாம்.

பழைய டேப்:

இழைக்குள் புகுந்து கேட்கிறேன். ஒரு விண்ணப்பப் படிவம், பிடிஎஃப்தான், அளவும் சரியாக இருக்கிறது. டேப்பில் திறந்தால் 'சற்றுப் பொறுங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தும் வேறு எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டரில் அக்ரோபாட் ரீடரில் நன்றாகத் திறக்கிறது.

பைட்டுப்பித்தன்:

அது எவ்வளவு பொறுத்தாலும் வராது. எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய வகைப் படிவம் அது. உண்மையான படிவம் உள்ளே வேறு வடிவத்தில் ஒளிந்திருக்கும், அதைப் படிக்கத் தெரியாத ஆப்புகளுக்காக வைத்த பக்கம்தான் நீங்கள் பார்ப்பது. 2017-இல் வந்த பிடிஎஃப் 2.0 தரத்தில் இந்த வகையைக் கைவிட்டுவிட்டார்கள், ஆனாலும் இன்னும் புழங்குகிறது. டேப்பில் மல்லுக்கட்டாமல் கம்ப்யூட்டரிலேயே அக்ரோபாட் ரீடரில் நிரப்புங்கள். டேப்பில் வைத்துப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால், பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப்பாகச் சேமித்து அந்தப் பிரதியை அனுப்பிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டியது அசல் கோப்பு, இந்தப் பிரதி இல்லை.

மழைக்குருவி:

'சமீபத்தியவை'யில் மூன்று நூல்கள் குறிப்போடு அப்படியே இருந்தன, டாக்குமென்ட்ஸுக்கு மாற்றிவிட்டேன். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை, போகட்டும்.

மிச்சம் ஒரு சந்தேகம்தான். ஸ்கேன் செய்த பழைய நூல் ஒன்று, 310 எம்பி. திறக்கிறது, ஆனால் வேகமாகப் பக்கம் தள்ளினால் ஆப் தானாக மூடிக்கொள்கிறது. இதுவும் கோப்பின் குறையா?

பைட்டுப்பித்தன்:

கோப்பு சரியாகத்தான் இருக்கிறது, நினைவகம்தான் திணறுகிறது. ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 புள்ளிகள். கோப்பில் சுருங்கிக் கிடக்கும் அந்தப் படத்தைத் திரையில் காட்ட விரிக்கும்போது ஒரு பக்கமே சுமார் 35 எம்பி ராம் கேட்கும். வேகமாகத் தள்ளினால் முன்னும் பின்னும் பல பக்கங்களை ஒரே நேரத்தில் விரிக்கப் பார்த்து ஆப் விழுந்துவிடுகிறது. தொடர்ச்சியாக உருளும் பார்வையை விட்டு ஒற்றைப் பக்கப் பார்வைக்கு மாற்றுங்கள், பின்னால் ஓடும் ஆப்களை மூடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கம்ப்யூட்டரில் நூலை நூறு நூறு பக்கமாகப் பிரித்து, சின்னப் பெயராக வைத்து டேப்பில் போடுங்கள்.