ஐசியை மாத்தினா டிஎஸ்9, டிஎஸ்808 ஆகிடுமா? அந்த ரெண்டு ரெசிஸ்டரை யாராவது பார்த்தீங்களா?

பழைய சாலிடர்:
நேத்து விற்பனை இழையில எழும்பூர் 808 எழுதினது இது: "டிஎஸ்9 வெச்சிருக்கிறவங்க அதுல ஜேஆர்சி 4558 ஐசி ஒன்னைப் போட்டா அதுதான் ட்யூப் ஸ்க்ரீமர் 808. 2004ல வந்த மறுபதிப்புக்குக் காசு கொடுக்கிறவன் ஏமாளி." நான் பதில் சொல்றதுக்குள்ள இழையை மூடிட்டாங்க. அந்த மறுபதிப்பை வாங்கின ஏமாளிகள்ல நானும் ஒருத்தன். அதனால இங்க எழுதுறேன். புதுசா வர்றவங்களுக்கு: டிஎஸ்808, டிஎஸ்9 ரெண்டும் ட்யூப் ஸ்க்ரீமர்ங்கிற ஓவர்டிரைவ் பெடல், கிட்டார் சத்தத்தை முறுக்கிவிடுற பெட்டி. 808 முதல்ல வந்தது, 9 அதுக்கு அடுத்தது. ஐசின்னு சொல்றது உள்ள சிக்னலைப் பெருக்குற எட்டுக்கால் சில்லு.

20 வருஷமா பெடலைத் திறந்து பார்த்துட்டிருக்கேன். 808ஐ வரைஞ்சது ஜப்பான்ல நிஷின் ஓன்பாவில இருந்த சுசுமு தமுரா. அவர் போட்ட சர்க்யூட் 1982ல 9க்கு அப்படியேதான் போச்சு. மாறினது கடைசியில, அவுட்புட் ஜாக்குக்கு முன்னாடி இருக்கிற ரெண்டே ரெண்டு ரெசிஸ்டர். 808ல 100 ஓம், 10 கிலோ ஓம். 9ல 470 ஓம், 100 கிலோ ஓம். ஐசியை மாத்திட்டு அந்த ரெண்டையும் தொடாம விட்டா அது 808 இல்ல. ஐசி மாத்தின 9. மறுபதிப்புல அந்த ரெண்டும் பழையபடியே இருக்கு. நான் காசு கொடுத்தது அதுக்குத்தான்.

எழும்பூர் 808:
அண்ணே, வணக்கம். இழை மூடினப்புறம் தனியா மேடை போட்டுப் பேசுறீங்க, சந்தோஷம்.

நிறைய 9ல தோஷிபா 75558 ஐசிதான் இருந்துச்சு. பழைய 808ல பெரும்பாலும் ஜேஆர்சி 4558. சிலதுல டெக்சாஸ் காரன் மலேசியாவில செஞ்ச 4558. ஐசியில ஒன்னும் இல்லைன்னா 2004ல மறுபடி கொண்டு வந்தப்ப ஏன் அண்ணே தேடிப் பிடிச்சு ஜேஆர்சியையே போட்டான்? தோஷிபாவையே போட்டிருக்கலாமே.

உங்க ரெண்டு ரெசிஸ்டருக்கு வருவோம். 100 ஓம் வழியா வந்து 10 கிலோ ஓம் தரைக்குப் போகுது. சிக்னல்ல 1 சதவீதம் குறையும். 9ல 470க்கு 100 கிலோ, அரை சதவீதம் குறையும். ரெண்டுக்கும் வித்தியாசம் அரை சதவீதம். இந்த அரை சதவீதத்துக்கா தூக்கம் கெட்டுச்சு?

புது தந்தி:
அண்ணன்களுக்கு வணக்கம். கிட்டார் வாங்கி ஆறு மாசம் ஆகுது. ஓவர்டிரைவுக்கும் ஃபஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம்னு யாராவது சொல்லுங்களேன். முதல் பெடல் வாங்கணும்.

பழைய சாலிடர்:
எழும்பூர், சதவீதம் போடத் தெரிஞ்சவருக்கு அடுத்து என்ன இணைக்கிறோம்னு யோசிக்கத் தெரியல. அந்த ரெண்டு ரெசிஸ்டரும் தனியா நிக்கல. அதுக்கு அந்தப் பக்கம் கேபிள் இருக்கு, வேற பெடல் இருக்கு, ஆம்ப் இருக்கு. எல்லாம் சேர்ந்துதான் காதுக்கு வருது.

ஐசி ஐசின்னு பூஜை போடுறீங்களே, அந்த 4558 ரிச்சி தெருவில டீ காசுக்குக் கிடைக்குது. வீட்டுக்கு வீடு அசெம்பிள் ஆம்ப்ல சப்வூஃபர் போர்டைத் திறந்து பாருங்க, உள்ள 4558தான் உட்கார்ந்திருக்கும். அதுல கிட்டாரைச் சொருகினா ப்ளூஸ் கிட்டார் மேதை ஸ்டீவி ரே வான் வந்துடுவாரா?

808 சத்தம் வர்றது வேற இடத்துல. ஐசியோட அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்புற ஃபீட்பேக் வழியில, சிக்னலோட உச்சியை வெட்ட எதிரெதிரா ரெண்டு டயோடு. பாஸ் கம்பெனிக்காரன் 1977லயே ஓடி1னு ஓவர்டிரைவ் பெடல் போட்டான், அதுல டயோடு மூணு, ஒரு பக்கம் ஒன்னு, மறு பக்கம் ரெண்டு. 808ல ரெண்டு பக்கமும் சமம். அப்புறம் 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும். கணக்குப் போட்டா 720 ஹெர்ட்ஸ் வரும். அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் குறைவா ஏறும், அதனாலதான் பேஸ் குழம்பாம நடு சத்தம் மூக்கு மாதிரி முன்னால வருது. இதெல்லாம் 808லயும் 9லயும் ஒன்னு. ஒன்னா இல்லாதது ரெண்டு ரெசிஸ்டர்.

எழும்பூர் 808:
ஸ்டீவி ரே வான் பேரை எடுத்தது நீங்க. அவர் 808, 9, 10 மூணையும் வாசிச்சார். உங்க ரெண்டு ரெசிஸ்டர் இல்லாத 9லயும் அவர் சத்தம் அவர் சத்தமாத்தான் இருந்துச்சு.

பழைய சாலிடர்:
உங்க ஐசி இல்லாதப்பவும் அப்படித்தான் இருந்திருக்கும். நன்றி.

ஜெர்மேனியம்:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான் பதினஞ்சு வருஷமா ஃபஸ் ஃபேஸ்தான் வாசிக்கிறேன். ஓவர்டிரைவை விட முரடாச் சத்தத்தைக் கிழிக்கிற ஃபஸ் பெடல். 1966ல லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி போட்ட வட்டப் பெட்டி. மைக் ஸ்டாண்டோட அடித்தட்டைப் பார்த்துச் செஞ்ச வடிவம். உள்ள ரெண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், மொத்தமே விரல் விட்டு எண்ணிடக்கூடிய பாகங்கள். அதுக்கு முன்னால உங்க ட்யூப் ஸ்க்ரீமரை வெச்சுப் பாருங்க. ஆஃப்ல இருந்தாலும் அதுல பஃபர் இருக்கு, கிட்டாருக்கும் அடுத்த பெடலுக்கும் நடுவில நின்னு சிக்னலைத் தாங்கி அனுப்புற பகுதி. ஃபஸ் ஃபேஸ் கிட்டார் பிக்கப்பை நேராப் பார்க்கணும். பிக்கப் காயில் மட்டுமே 6, 7 கிலோ ஓம். நடுவில பஃபரை வெச்சா 100 ஓமா இருந்தா என்ன, 470 ஓமா இருந்தா என்ன, ரெண்டுமே ஃபஸ்ஸைக் கெடுத்துடும். கிட்டார் வால்யூமைக் குறைச்சா ஃபஸ் தெளிஞ்சு மணி மாதிரி வரும் பாருங்க, அது போயிடும். தேனீ கூட்டம்தான் மிஞ்சும்.

ஃபஸ் முன்னால, ட்யூப் ஸ்க்ரீமர் பின்னால. டிரைவ் திருகு ஜீரோ, லெவல் திருகு முழுசு. வேற வழியே கிடையாது.

பழைய சாலிடர்:
ஜெர்மேனியம், பாதி நீங்களே ஒத்துக்கிட்டீங்க. பெடல் எதைப் பார்க்குதுங்கிறது முக்கியம்னு நீங்களும் சொல்றீங்க. நான் மூணு பதிவா அதைத்தான் கத்திட்டிருக்கேன்.

ஜெர்மேனியம்:
நான் எதையும் ஒத்துக்கல. ரெண்டுமே கெடுக்கும்னு சொன்னேன். தமிழ்லதானே எழுதினேன்?

ஸ்காபரோ தந்தி:
நான் காலமையிலயிருந்து இதை வாசிச்சுக்கொண்டிருக்கிறன். ஜெர்மேனியம் அண்ணை, உங்கட ஊர் வெயிலுக்க ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வச்சு வாசிக்கிறதெண்டு சொல்லுறது எனக்கு விளங்கேல்ல. பத்து பாகை வெக்கை கூடினா அதின்ர ஒழுக்கு மின்னோட்டம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். சித்திரை வெயிலில மேடையில வச்சா சத்தம் வெட்டி வெட்டித்தானே வரும். 60கள் முடியிற நேரத்திலயே சிலிக்கானுக்கு மாறிட்டாங்கள். பிசி108 சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்ட பெட்டி வாங்குங்கோ. இங்க என்ர கராஜில பனிக்காலத்திலயும் ஒரே மாதிரி வாசிக்குது.

ஜெர்மேனியம்:
தம்பி, என்கேடி275 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்ல வாசிச்சவன்கிட்ட பிசி108 பத்திச் சொல்லாதீங்க. சிலிக்கான் ஃபஸ்ல நான் வாசிச்சிருக்கேன். திருமங்கலம் பக்கம் ஒரு திருவிழா மேடை. பாட்டுக்கு நடுவில கையை எடுத்தேன், ஸ்பீக்கர்ல மாநிலச் செய்தி ஓடுது. ஊரே திரும்பிப் பார்த்துச்சு. அந்த கெயின்ல அது ரேடியோவாவே மாறிடுது. அன்னைக்கோட சிலிக்கானை விட்டேன்.

வெயிலுக்கு வழி எங்களுக்குத் தெரியும். 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிற இடத்துல ட்ரிம்மர் வெச்சிருக்கேன், திருப்பி மதிப்பை மாத்துற சின்ன ரெசிஸ்டர். ரெண்டாவது டிரான்சிஸ்டர் கலெக்டர்ல 4.5 வோல்ட் வர்ற வரைக்கும் மேடை ஏறுறதுக்கு முன்னாடி திருப்பிக்குவேன். மே மாசம்னா பெடலைத் தெர்மகோல் பெட்டியில எடுத்துட்டுப் போவேன், அடியில ஐஸ் பாக்கெட், மேல துண்டு. ஒரு கச்சேரிகூட கெட்டதில்ல.

ஸ்காபரோ தந்தி:
பெடலுக்கு ஐஸ் வைக்கிற நிலைமை வந்தா பிழை ஆரிலயெண்டு நான் சொல்லத் தேவையில்ல.

ஜெர்மேனியம்:
கராஜ்ல தனியா வாசிக்கிறவங்க மேடையைப் பத்திப் பேச வேண்டாம்.

புது தந்தி:
மறுபடியும் கேக்கிறேன், மன்னிக்கணும். கடைக்காரர் பிக் மஃப்னு ஒன்னு காட்டினார். அது ஓவர்டிரைவா ஃபஸ்ஸா?

ஜெர்மேனியம்:
எதைக் காட்டினார்? ஐசி போட்டதா? ஐசி போட்டது ஃபஸ்ஸே இல்ல. வாங்காதீங்க.

ஸ்காபரோ தந்தி:
இது சுத்தப் பிழை. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் எண்ட ராக் இசைக்குழுவின்ர 1993 அல்பத்தில கேக்கிற அந்தக் கிட்டார் ஐசி போட்ட பிக் மஃப்தான். பிக் மஃப் செய்யிற எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் 2017ல அதைச் சின்னப் பெட்டியில திருப்பி விட்டது அதுக்குத்தான். அதை ஃபஸ் இல்லையெண்டு சொல்லுறவர் என்னத்தைக் கேட்டு வளந்தவரோ.

எழும்பூர் 808:
பார்த்தீங்களா அண்ணே! ஐசி மாறினா சத்தம் மாறுதுன்னு கனடாவில இருந்து சாட்சி வந்திடுச்சு.

பழைய சாலிடர்:
எழும்பூர், அது டிரான்சிஸ்டர் சர்க்யூட்டுக்கு பதிலா முழு சர்க்யூட்டையும் ஐசி வெச்சுப் புதுசா வரைஞ்சது. நீங்க பண்றது ஒரு எட்டுக்கால் ஐசியைப் பிடுங்கி இன்னொரு எட்டுக்கால் ஐசியை வைக்கிறது. ரெண்டையும் ஒன்னாக்குறீங்கன்னா ஒன்னு புரியல, இல்ல புரிஞ்சும் ஆளை ஏமாத்துறீங்க.

எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது. போன வருஷம் கொளத்தூர்ல இருந்து ஒரு பையன் அவனோட 9ஐ என்கிட்ட கொண்டு வந்தான். "808 ஆக்கித் தர்றேன்"னு 2,500 ரூபா வாங்கி ஐசியை மாத்தியிருந்தாங்க. போர்டுல ரெண்டு டிராக், அதான் செம்புக் கோடு, பிஞ்சு வந்திருந்துச்சு, அவ்வளவு சூடு காட்டியிருக்கு. சாக்கெட்கூட வைக்கல. அந்த ரெண்டு ரெசிஸ்டர்? 470, 100 கிலோ. தொட்ட தடமே இல்ல. யார் பண்ணினதுன்னு நான் சொல்ல மாட்டேன். பண்ணினவருக்குத் தெரியும்.

எழும்பூர் 808:
சொல்லுங்களேன், ஏன் பயம்? ஆமா, நான்தான் பண்ணினேன். டிராக்கைப் பிய்ச்சது நான் இல்ல. எனக்கு முன்னாடியே யாரோ கை வெச்சிருந்தாங்க. பையன்கிட்ட காட்டித்தான் வேலையே ஆரம்பிச்சேன். வாசிச்சுப் பார்த்துட்டு "அண்ணே, பாலு மாதிரி இருக்கு"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனான். அவனுக்குக் காது இருக்கு. உங்களுக்கு மீட்டர் மட்டும்தான் இருக்கு.

நீங்க 2019ல என்கிட்ட வாங்கிட்டுப் போன, சாலிடரை உறிஞ்சி எடுக்கிற டீசோல்டரிங் பம்ப் எங்கே அண்ணே? அதைப் பத்தியும் ஒரு இழை போடலாமா?

பழைய சாலிடர்:
பம்ப்பை அடுத்த மாசமே உங்க தம்பிகிட்ட கொடுத்தாச்சு. கேட்டுப் பாருங்க.

பால் மாதிரி, தேன் மாதிரின்னு பேசுறவங்களுக்கு ஒன்னு சொல்றேன். ரெண்டு 9 எடுத்துக்குவோம். ஒன்னுல நீங்க ஐசியை மட்டும் மாத்துங்க. இன்னொன்னுல நான் ஐசியைத் தொடாம ரெண்டு ரெசிஸ்டரை மட்டும் மாத்துறேன். பக்கத்துல மறுபதிப்பு 808. திரைக்குப் பின்னாடி ஒருத்தர் வாசிக்கட்டும். எது 808ன்னு கேட்டுச் சொல்லுங்க.

திருச்சி பேஸ்:
நான் நடுவில வர வேண்டாம்னுதான் இருந்தேன். ரெண்டு பேரும் பாட்டை மறந்துட்டீங்க. டிரைவ் திருகுக்கு அடியில இருக்கிற 500 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரைச் சொல்றேன். அதுங்க 20 சதவீதம் கூடக் குறைய வர்றது சாதாரணம். ஒரே நாள்ல செஞ்ச ரெண்டு 808ல டிரைவ் திருகை நட்ட நடுவில, 12 மணி நிலையில வெச்சாலே வேற வேற கெயின் வரும். இதுல ஐசி சோதனை யாருக்கு, ரெசிஸ்டர் சோதனை யாருக்கு?

எழும்பூர் 808:
பேஸ் வாசிக்கிறவங்களுக்கு 720 ஹெர்ட்ஸுக்குக் கீழதானே வேலை, பாஸ்? இது உங்க ஏரியா இல்ல.

திருச்சி பேஸ்:
என் ஏரியாவை வெட்டித்தான் உங்க பெடலே நிக்குது.

பழைய சாலிடர்:
திருச்சி சொன்னது சரி, ஆனா அது 808லயும் 9லயும் ஒன்னு. ஒன்னா இருக்கிறதை வெச்சு வித்தியாசத்தை விளக்க முடியாது. வித்தியாசம் ரெண்டு ரெசிஸ்டர். நான் கேட்ட சோதனைக்கு எழும்பூர் இன்னும் பதில் சொல்லல.

எழும்பூர் 808:
வர்றேன். இடம் என்னோடது, ஆம்ப் என்னோடது. வாசிக்கிறவரையும் நான்தான் சொல்வேன்.

பழைய சாலிடர்:
இடம், ஆம்ப், ஆள் எல்லாம் உங்களோடதா? தீர்ப்பையும் இப்பவே எழுதி வெச்சுடுங்க.

ஜெர்மேனியம்:
நான் வாசிக்கிறேன். ஆனா முன்னால என் ஃபஸ் இருக்கும்.

பழைய சாலிடர், எழும்பூர் 808 இருவரின் பதிவுகள் 2 நீக்கப்பட்டன.

நடுவர்:
குடும்பத்தை இழுக்க வேண்டாம். பம்ப் விவகாரத்தைத் தனிச்செய்தியில பேசிக்குங்க. அடுத்த முறை இழையை மூடிடுவேன்.

ஸ்காபரோ தந்தி:
நடுவர் அண்ணை, எனக்கு "கராஜ்" எண்டு சொன்னதை நீக்கேல்ல. கவனத்தில எடுங்கோ.

பழைய சாலிடர்:
நடுவருக்கு மரியாதை. இனி பெடலைப் பத்தி மட்டும் பேசுறேன்.

இப்பதான் என் மறுபதிப்பு 808ஐத் திறந்தேன். அந்த ரெண்டையும் ஒரு காலைத் தூக்கி வெளியே வெச்சு அளந்தேன், போர்டுல இருக்கும்போது அளந்தேன்னு யாரும் குறை சொல்லக் கூடாதுன்னு. 99.4 ஓம். 9.96 கிலோ ஓம். பக்கத்துல என் பழைய 9. 468 ஓம். 99.1 கிலோ ஓம். ரெண்டு பெடலையும் மேஜையில திறந்து வெச்சிருக்கேன், யார் வேணும்னாலும் வந்து மீட்டரை வெச்சுப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்லதான் இருப்பேன்.

எழும்பூர் 808:
மீட்டருக்குப் பேட்டரி மாத்திட்டுத்தான் அளந்தீங்களா அண்ணே?

பழைய சாலிடர்:
புதுப் பேட்டரி. நீங்க ஞாயிற்றுக்கிழமை வர்றீங்களா இல்லையா?