உதவி: பெக்கி குகன்ஹைம் பேனாவில் பிஸ்டன் நகரவில்லை

மைக்கறை: அவசரம். மோன்ட் பிளாங்க் கம்பெனியோட பெக்கி குகன்ஹைம் பேனா, ஓவியங்கள் சேகரிச்ச அம்மா பேர்ல வந்தது. பின்குமிழ் இறுகி நிக்குது, மை ஏறல. பிளையர் வச்சுத் திருகலாமா?

அடித்தாள்: முதல்ல பிளையரைக் கீழே வைங்க. உள்ளே என்ன மை? கடைசியா எப்போ கழுவினீங்க? குமிழ் கொஞ்சமாவது திரும்புதா?

நீலவரி: கார்ட்ரிட்ஜ் மாத்திப் பாருங்க.

பழையநிப்: பிஸ்டன்னு எழுதியிருக்காரு. பின்குமிழைத் திருகினா உள்ளே பிஸ்டன் நகர்ந்து மையை உறிஞ்சும். பீப்பாயே மைத்தொட்டி, இதுல கார்ட்ரிட்ஜை எங்க சொருகுவீங்க? இழையைப் படிச்சிட்டு எழுதப் பழகுங்க. உள்ளே இரும்பு உப்பு கலந்த மை காய்ஞ்சிருக்கும், வேற எதுவும் இல்ல.

வழுக்கல்: சிலிக்கோன் கிரீஸ் வறண்டிருக்கும்.

மைக்கறை: மினுங்குற மை. மழைக்கு முன்னாடி போட்டது. குமிழ் திரும்புது, விட்டா திரும்பி வந்துடுது.

அடித்தாள்: இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். குமிழ் அசையவே இல்லன்னா பிஸ்டன் ஒட்டியிருக்கு. திரும்பிட்டுப் பின்வாங்கினா ஃபீட், அதாவது நிப்புக்கு அடியில மை கொண்டுவர்ற துண்டு, அடைஞ்சிருக்கு: காத்து உள்ளே வர வழியில்லாம வெற்றிடம் பிஸ்டனைத் திரும்ப இழுக்குது. மினுங்கும் துகள் தண்ணில கரையாது, ஃபீட் கீற்றுல படிஞ்சுடும்.

காய்ச்சி வடித்த நீர், அறை வெப்பத்துல. நிப்பும் ஃபீடும் மட்டும் முங்கணும், உலோக வளையம் நனையக் கூடாது. 12 மணி நேரம். தண்ணி கலங்கினா மாத்துங்க. அப்புறம் குமிழை ரெண்டு பக்கமும் கால் சுற்று மட்டும். முரண்டு பிடிச்சா மறுபடி ஊற வைங்க. வலுக்கட்டாயமா திருகினா பிஸ்டன் தண்டோட மரை போயிடும். வெந்நீர், ஸ்பிரிட், அம்மோனியா எதுவும் வேண்டாம்: ரெசினும் உலோக அலங்காரமும் கெடும்.

வழுக்கல்: கிரீஸ்?

அடித்தாள்: அதுக்கு நிப் தொகுதியைக் கழட்டணும், தனிக் கருவி வேணும். சர்வீஸ்ல குடுங்க.

நீலவரி: 2016ல வந்த பதிப்பு. இதுல போய் மை ஊத்தினதே தப்பு. நியூயார்க் மியூசியம் கட்டின அம்மா பேர்ல வந்த பேனா, அலமாரியில இருக்கணும்.

பழையநிப்: நியூயார்க் மியூசியத்துப் பேர் அவரோட பெரியப்பா சாலமனுடையது. பெக்கியோடது வெனிஸ்ல, பெருங்கால்வாய்க் கரையில. 1949ல வாங்கின மாளிகை. அவரு குடியிருந்த வீட்டுச் சுவர்லயே படங்களை மாட்டினவரு. அலமாரியில பூட்டல.

நீலவரி: படத்தைப் பார்த்தா தேயாது. நிப் எழுதினா தேயும்.

பழையநிப்: தங்க நிப்போட முனையில இரிடியம் வகைக் கலவை இருக்கு. பல வருஷம் எழுதலாம். பூட்டி வச்ச பேனாலதான் மை காயும்.

நீலவரி: மை போடாத பேனால என்ன காயும்?

மைக்கறை: ரெண்டாவது ஊறலுக்கு விட்டுடுச்சு. எழுதுது. நன்றி.