‘வாக்-ஆன்’ வீரருக்கு ஒரு சொல்: ‘தன்னுழைவு வீரர்’

அன்புடையீர், வணக்கம்.

பந்தைக் கையால் வீசியும் பிடித்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், உதவித்தொகையோ அழைப்போ இன்றித் தாமாகவே சென்று கல்லூரி அணியில் இடம்பிடிக்கும் வீரரை ‘வாக்-ஆன்’ என்பர். நம் கலைச்சொல் பதிவேட்டிற்காக, இவருக்கு ‘உதவித்தொகையிலா வீரர்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. கேட்டவுடன் பொருள் விளங்குவது அதன் பெரிய வலிமை. ஆயினும் கால்பந்துப் பயிற்றுநர் டாபோ ஸ்வினியைப் போன்ற ஒருவரின் வரலாற்றை எழுத முற்பட்டால் அச்சொல் இரண்டாம் பத்தியிலேயே நம்மைக் கைவிட்டுவிடும் என்பதால், அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்வினி, அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்சிக்கு உதவித்தொகை ஏதுமின்றித் தாமாகவே சென்று இடம்பிடித்தவர். பின்னர் உதவித்தொகையும் பெற்றார். 1992ஆம் ஆண்டுப் பருவத்தில் தேசிய வாகையரான அணியிலும் இருந்தார். பந்தை ஓடிப் பிடிக்கும் ‘வைட் ரிசீவர்’ இடத்தில் ஆடிய அவர், கல்லூரிக் காலம் முழுவதிலும் போட்டிகளில் பிடித்த பந்துகள் ஏழுதான். மேற்படிப்பு படித்துக்கொண்டே அதே அணியில் உதவியாளராகத் தொடங்கி, 1996இல் முழுநேரப் பயிற்றுநரானார். 2000ஆம் ஆண்டுப் பருவம் படுதோல்வியில் முடிந்து, தலைமைப் பயிற்றுநருடன் அவருடைய குழுவும் வெளியேற நேர்ந்தபோது, ஸ்வினி விளையாட்டை விட்டே விலகி மனை வணிக நிறுவனமொன்றில் வேலை பார்த்தார். 2003இல் கிளெம்சன் பல்கலைக்கழகம் அவரைப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டது. 2008 அக்டோபரில், பருவத்தின் நடுவே அங்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்த டாமி பவுடன் விலகியதும் தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்தது. (இந்த நிலைக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, ‘பொறுப்புத் தலைமையாசிரியர்’ என்று நாம் நாள்தோறும் சொல்வதைப் போல ‘பொறுப்புத் தலைமைப் பயிற்றுநர்’ என்றே எழுதலாம்.) அவ்வாண்டு டிசம்பரில் பதவி நிலையானது. 2016, 2018 பருவங்களில் அவருடைய அணி தேசிய வாகை சூடியது.

இவர் உதவித்தொகை பெற்ற பிறகும் ஊரும் ஏடுகளும் இவரை ‘வாக்-ஆன்’ என்றே குறிப்பிடுகின்றன. 2016 பருவத்தின் தேசிய வாகைக்காக 2017 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியைப் பாருங்கள். ஸ்வினி தாம் ஆடிய அதே அலபாமாவை எதிர்த்து நின்றார். ஆட்டம் முடிய ஒரு நொடியே எஞ்சியிருந்தபோது, கிளெம்சன் வீரர் தெஷான் வாட்சன் வீசிய பந்தைப் பிடித்து, 35-31 என்ற வெற்றியைத் தந்தவர் ஹண்டர் ரென்ஃப்ரோ. அவரும் கிளெம்சனுக்கு அவ்வாறே தாமாக வந்து, பிற்பாடு உதவித்தொகை பெற்றவர்தான். அப்படித் தொடங்கிய வீரர்களுக்கென்றே வழங்கப்படும் பர்ல்ஸ்வர்த் விருது 2018இல் அவருக்குக் கிடைத்தது. ஆகவே இச்சொல் சுட்டுவது ஒருவர் அணிக்குள் வந்த வழியையே. கையில் பணம் இருக்கிறதா என்பதை அன்று. ஹார்வர்டு, யேல் முதலிய ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை. ‘உதவித்தொகையிலா வீரர்’ என்றால் அங்குள்ள அனைவருமே அப்பெயருக்கு உரியவராகிவிடுவர்.

மற்ற பரிந்துரைகளிலும் இடர்கள் உள்ளன. ‘வருகை வீரர்’ என்பது வருகைதரு பேராசிரியரை நினைவூட்டி, சில நாள் தங்கிச் செல்பவர் என்ற எண்ணத்தைத் தரும். ‘தன்னார்வ வீரர்’ தொண்டுப் பணியின் சாயல் கொண்டது. போதாக்குறைக்கு, டென்னசி பல்கலைக்கழக அணியின் பெயரே ‘வாலண்டியர்ஸ்’, அதாவது தன்னார்வலர்கள். ‘தன்வரவு வீரர்’ நெருங்கி வருகிறது; ஆனால் ‘வரவு’ என்றதும் செலவும் கணக்கும் நினைவுக்கு வருவதால், நாம் விலக்க நினைக்கும் பணமே மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது.

எனவே ‘தன்னுழைவு வீரர்’ என்பதை முன்வைக்கிறேன். யாரும் தேடி வந்து அழைக்காமல் தானே முயன்று நுழைந்தவர் என்ற பொருளை அது தாங்கும். நுழைந்த வழி மாறாதாகையால் உதவித்தொகை கிடைத்த பிறகும் பொருந்தும். “ரென்ஃப்ரோ தன்னுழைவு வீரராகத் தொடங்கிப் பின்னர் உதவித்தொகை பெற்றார்” என்ற தொடரில் எந்த முரணும் இல்லை.

உதவித்தொகை இல்லாவிடினும் அணியில் இடம் உண்டு என்று முன்கூட்டியே வாக்களிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களை ‘இடமுறுதித் தன்னுழைவு வீரர்’ எனலாம் என்று கருதுகிறேன், சற்று நீளமானதுதான். இதைவிடச் சுருக்கமாக யாரேனும் தந்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்ளலாம். ஓர் அணி 85 உதவித்தொகைகளே தரலாம் என்ற பழைய வரம்பு 2025இல் பல பல்கலைக்கழகங்களுக்கு நீங்கி, அணியில் மொத்தம் 105 பேரே இருக்கலாம் என்ற வரம்பு வந்ததால், இவ்வகை வீரர்களைப் பற்றி எழுதும் தேவை இப்போது கூடியிருக்கிறது. பதிவேட்டில் சேர்க்குமுன் இவ்விரு சொற்களையும் உங்கள் கட்டுரைத் தொடர்களில் இட்டுப் பார்த்து, இடறும் இடங்களைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.